என் முதுகுக்குப் பின்னால் சாப்பிட்ட மகள்

என் சகலை மீது எனக்குப் பொறாமை உண்டு. எழுத்தில் இதை ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. வாயால் ஒப்புக்கொள்ள இன்னும் தைரியம் வரவில்லை. சகலை என்றால் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். தலையில் முடி முழுசாக இருக்கிறது. சவுதியில் எட்டு வருஷம் ஒரு கேம்ப் மெஸ்ஸில் சமையல்காரராக இருந்துவிட்டு வந்து, ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரிலேயே தென்னையும் கடலையும் போட்டிருக்கிறார். அவர் மத்தி மீன் குழம்பு வைத்தால் அடுத்த தெருவில் இருக்கிற என் வீட்டுக்கு வாசனை வரும். என் வீட்டில் ரசம் கொதித்துக்கொண்டிருக்கும். முடியையும் மீன் குழம்பையும் நான் பொறுத்துக்கொண்டேன். அவர் மகன் பதின்மூன்று கிலோ இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் மகள் ஒன்பது கிலோ நானூறு கிராம். அவளுக்கு இரண்டரை வயது. அவனைவிட இரண்டு மாதம் மூத்தவள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்தவள். நாற்பத்தைந்து வயதில் அப்பாவாகிப் பாருங்கள், பிள்ளை தும்மினால் நமக்கு மூச்சு முட்டும். அந்த நிலையில்தான் பால்வாடியில் எடை போடுகிற நாளன்று, என் கண் முன்னாலேயே, அவனையும் அவளையும் அடுத்தடுத்து அந்தத் தராசில் ஏற்றினார்கள்.

எனக்குத் தொழில் கடலை உடைக்கிற மிசின். விவசாயம் பண்ணுகிற சம்சாரிகள் கடலையைக் காயாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் தோலை நீக்கிப் பருப்பாக்கி, எடை போட்டுக் கொடுப்பேன். ஒரு சாக்கைக் கையால் அசைத்துப் பார்த்தே அரைக் கிலோ முன்னே பின்னே சொல்லிவிடுவேன் என்று ஊருக்குள் எனக்கு ஒரு பேர் உண்டு. தினமும் தோளில் தூக்கி வைத்திருந்த பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தது மட்டும் அந்தக் கைக்குத் தெரியவில்லை.

பால்வாடி டீச்சர் ஒரு அட்டையை எடுத்து அதில் புள்ளி வைத்தார். அட்டையில் மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. சகலை மகனின் புள்ளி பச்சையில் நடு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. என் மகளுடையது மஞ்சளில், சிவப்பை எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருந்தது.

எனக்குப் பயம் வந்தால் வாய் கோமாளித்தனம் செய்ய ஆரம்பித்துவிடும். இது என் உடம்பின் அமைப்பு. "மஞ்சள் மங்களகரமான நிறம்தானே டீச்சர்" என்றேன். அங்கே இருந்த நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"மில்லுக்காரரே, வீட்ல பிள்ளைக்கு என்ன குடுக்குறீங்க?"

இதற்குப் பதில் சொல்வதில் எனக்கு ஒரு பெருமையே இருந்தது. காலையில் பாலில் தொட்டு நாலு பிஸ்கட். பத்து மணிக்கு இன்னொரு புட்டிப் பால். அழுதால் ஒரு சாக்லேட். சாயங்காலம் நான் மில்லிலிருந்து வரும்போது பேக்கரியில் கிரீம் கேக்கோ ஒரு பாக்கெட் சிப்ஸோ. இதெல்லாம் போக, புதுக்கோட்டையில் போய் வாங்கி வந்த விலை கூடின டின் மாவு ஒன்று, அதைப் பாலில் கலக்கி.

"சோறு?"

"ரெண்டு வாய் ரசம் சாதம். அதையும் துப்பிடுது."

"எப்புடிங்க இறங்கும்? வயித்துல எடமே இல்லாம பிஸ்கட்டையும் பாலையும் ரொப்பி வச்சிட்டீங்க. சரி, தினமும் எத்தனை மூட்டை கடலை உடைக்கிறீங்க? அதுல ஒரு கைப்பிடி ஒங்க வீட்டு அடுப்படிக்கு வந்திருக்கா?"

"கடலை பித்தம் டீச்சர்."

"பித்தமெல்லாம் இல்ல. வறுத்து, தோலை நீக்கிப் பொடி பண்ணிக் குடுங்க. முழுசாக் குடுத்துறாதீங்க, தொண்டையில அடைச்சுக்கும். கேவுரு இருக்கு, முருங்கைக்கீரை ஒங்க வீட்டுக் கொல்லையிலயே இருக்கு, முட்டை நாங்களே தாரோம். இதுக்கு எதுக்கு டின்னைத் தேடிப் புதுக்கோட்டைக்குப் போறீங்க?" என்றவர், பிறகு என் சகலை நின்ற திக்கைக் காட்டி அந்த வார்த்தையைச் சொன்னார். "ஒரு நாளைக்கு அவர் வீட்ல போய் உக்காந்து பாருங்க. வசதி ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுதான். பிள்ளைக மட்டும் ஏன் இப்புடி இருக்குன்னு அப்பத் தெரியும்."

அவர் வீட்டில் போய் உட்கார்ந்து நான் பார்ப்பதா. என் சகலை அந்தப் பக்கம் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு, தன் பேர் அடிபடுவது தெரியாமல், கூரையில் ஓடிய பல்லியை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த வெகுளித்தனம்தான் எனக்கு எப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

டீச்சர் கடைசியாக என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது. அடுத்த மாசமும் ஏறாமல் போனால், புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் இப்படிப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற வார்டில் அம்மாவும் பிள்ளையும் இரண்டு வாரமாவது தங்க வேண்டியிருக்கும். அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பயம் ஆரம்பமாகும். அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருப்பது போல ஒரு படம் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அன்றைக்கு நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் நானே சிரிக்கவில்லை.

மறுநாளே திருக்கோகர்ணத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்தார், பூச்சி மருந்து கொடுத்தார், எல்லாம் பார்த்துவிட்டு, "வியாதி ஒண்ணும் இல்ல, சோறு குடுங்க" என்றார். வியாதி இல்லை என்றதும் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. வியாதி என்றால் பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டிருக்கலாம். சோறு என்றால் பழி நேராக என் வீட்டு வாசலுக்கு வருகிறது.

அன்றிலிருந்து நானே களத்தில் இறங்கினேன். சகலை வீட்டுப் படியேறாமல் காரியத்தை முடிப்பது என்பது என் திட்டம். பிஸ்கட் நின்றது, புட்டி நின்றது, பேக்கரிக்காரர் என்னைப் பார்த்து ஊரைவிட்டுப் போய்விட்டீர்களோ என்று கேட்கும்படி ஆனது. மில்லிலிருந்து நல்ல பருப்பாகப் பொறுக்கி வந்து வறுத்தோம். கேழ்வரகுக் களி, கடலைப்பொடி உருண்டை, முருங்கைக்கீரை போட்டு முட்டை, பாசிப்பயறு கஞ்சி, முள் எடுத்த மீன், நெய் விட்ட பருப்புச் சோறு என்று என் மனைவி கிண்ணம் கிண்ணமாகச் செய்து தள்ளினாள். ஊட்டுவது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். மில்லை ஒரு மணிக்கெல்லாம் நிறுத்திவிட்டு ஓடி வருவேன்.

அவள் வாயைத் திறந்தால்தானே. செல்போனில் பொம்மைப் படம் போட்டேன். காக்கையைக் கூப்பிட்டேன், மாட்டைக் கூப்பிட்டேன், பஸ் ஸ்டாப் வரைக்கும் கிண்ணத்தோடு பின்னாலேயே நடந்து ஆலங்குடி பஸ்ஸையே கூப்பிட்டுக் காட்டினேன். டிரைவர் எனக்காக ஒரு தரம் ஹாரன் அடித்தார். அவள் உதட்டை உள்ளே மடித்து, பூட்டுப் போட்டு, சாவியை எங்கேயோ எறிந்துவிட்டாள். அரட்டினால் அழுதாள். கொஞ்சினால் ஓடினாள். மூக்கைப் பிடித்து ஊட்டலாமா என்று ஒரு தரம் கை போய்விட்டது. அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம். இரண்டு வாய் போனால் பெரிது. மிச்சத்தைக் கீழே கொட்ட மனசு வராது, நெய்யும் முட்டையுமாக இருக்கும், வழித்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவேன்.

மாதக் கடைசிவரை காத்திருக்கிற பொறுமை எனக்கில்லை. கையில் தராசு வைத்திருக்கிறவன் எதற்குக் காத்திருக்க வேண்டும்? மில்லில் மூட்டை போடுகிற எலக்ட்ரானிக் தராசு, தரையோடு தரையாகப் பெரிய தட்டு. பிள்ளையை அதில் நிற்க வைத்தால் நிற்க மாட்டாள், ஒரு காலை வைப்பாள், இறங்கி ஓடுவாள். அதனால் ஒரு யோசனை செய்தேன். முதலில் நான் மட்டும் ஏறி நின்றேன். எழுபத்தொன்று இருநூறு. அதை மில் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதி வைத்தேன். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். எண்பது அறுநூறு. கழித்தால் ஒன்பது நானூறு. பால்வாடிக் கணக்கோடு கிராம் பிசகாமல் ஒத்துப்போனது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

தினமும் மத்தியானம் ஊட்டி முடித்ததும் தூக்கிக்கொண்டு போய் ஏறுவேன். கதவுக்குப் பின்னால் இருக்கிற எழுபத்தொன்று இருநூறைக் கழிப்பேன். எடை ஏறியது. முதல் வாரம் ஒன்பது தொள்ளாயிரம். இரண்டாவது வாரம் பத்தரை. மூன்றாவது வாரம் பதினொன்று. மூட்டை இறக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். டீக்கடையில் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். என் மனைவி மட்டும், "பிள்ளை பாவாடை நாடாவை நான் இன்னும் அதே முடிச்சுலதாங்க கட்டுறேன்" என்றாள். முடிச்சுப் போடத் தெரியவில்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

சகலையிடமும் சொன்னேன். அதற்கென்றே அவர் தோப்புப் பக்கமாக மொபட்டைத் திருப்பினேன் என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"பதினொண்ணா? ரொம்பச் சந்தோசம்ணே. நானே கேக்கணும்னு இருந்தேன். என்னண்ணே குடுக்குறீங்க?"

"எல்லாம் நம்ம வீட்டுச் சாப்பாடுதான். கை பக்குவம் வேணும் பாருங்க" என்றேன். கேம்ப் மெஸ்ஸில் முன்னூறு பேருக்குச் சமைத்த மனிதரிடம் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் கொஞ்சம் பூசினாப்ல இருக்கீங்கண்ணே. நல்லாருக்கு" என்றார்.

வயிற்றெரிச்சலில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மீது இரக்கப்பட்டபடி வண்டியை எடுத்தேன்.

பால்வாடியில் எடை போடுகிற நாள் வந்தது. அன்று காலை மில் கணக்கில் அவள் பதினொன்று எழுநூறு. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சகலை குடும்பமும் வந்திருந்தது. டீச்சர் பிள்ளையை ஏற்றினார், எண்ணைப் பார்த்தார், இறக்கி மறுபடி ஏற்றினார்.

"ஒம்பது முன்னூறு."

ஒரு மாதத்தில் நூறு கிராம் குறைந்திருந்தது.

எனக்குக் காதுக்குள் மில் ஓடுகிற சத்தம் கேட்டது. "டீச்சர், ஒங்க தராசு கோளாறு" என்றேன். இல்லை என்றார். "பேட்டரி எறங்கியிருக்கும்" என்றேன். போன வாரம்தான் மாற்றினோம் என்றார். அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மொபட்டை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் பறந்து, முத்திரை குத்தின பத்துக் கிலோ இரும்புக் கல்லைக் காலடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பிள்ளைகளை உட்கார வைக்கிற தராசில், எல்லா அம்மாக்களும் பார்க்க, அந்த இரும்பை உட்கார வைத்தேன். பத்து. சுத்தமான பத்து. முன்னே பின்னே ஒரு கிராம் இல்லை.

"கல்லு பச்சையில இருக்குங்க" என்று ஒரு பெண் சொன்னாள். சிரிப்பில் பால்வாடியே குலுங்கியது. பொதுவாக அப்படிப்பட்ட சிரிப்பை நான்தான் கிளப்பிவிடுவேன். மாட்டிக்கொண்டு நின்று கேட்கிறபோது அதற்கு வேறு சத்தம் இருக்கிறது.

டீச்சர்தான் கேட்டார், "நீங்க எப்புடிப் போட்டீங்க எடை?" சொன்னேன். தூக்கிக்கொண்டு ஏறியது, கதவுக்குப் பின்னால் எழுதி வைத்தது, கழித்தது எல்லாம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் என் மனைவியின் முகம் மாறிவிட்டது.

"ஏங்க, நீங்க மட்டும் ஏறி நின்னது எப்போ?"

"மொத நாளு."

"அதுக்கப்பறம்?"

நான் இரும்புக் கல்லைத் தூக்கிக் கீழே வைத்தேன்.

"பிள்ளை வச்ச மிச்சத்தையெல்லாம் இந்த ஒரு மாசமா யாரு தின்னது?"

டீச்சர் என்னைக் கையைக் காட்டிப் பெரியவர்கள் தராசுக்குக் கூப்பிட்டார். ஏறினேன். எழுபத்து மூன்று அறுநூறு. கேழ்வரகும் கடலையும் முட்டையும் முருங்கையும் நன்றாகத்தான் வேலை செய்திருந்தன. ஆள்தான் மாறிவிட்டது. ஒரு மாதமாக ஊர் பூராவும் நான் பீற்றிக்கொண்டது என் சொந்தத் தொப்பையைப் பற்றி.

பெண்கள் சிரிக்கச் சிரிக்க நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றிருந்தது மூன்று பேர். என் மனைவி, டீச்சர், என் சகலை. அவர் சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தலையைக் குனிந்து தன் மகன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சர் இன்னும் ஒரு மாதம் கொடுத்தார். நடுவில் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் தானே வந்து பார்ப்பதாகவும், காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஏதாவது வந்தால் நாள் பார்க்காமல் புதுக்கோட்டைக்குக் கிளம்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். வீட்டுக்கு நடக்கிற வழியில் என் மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "நாளையிலருந்து பிள்ளை மத்தியானத்துக்கு என் தங்கச்சி வீட்ல." இது யோசனை கேட்கிற குரல் இல்லை. "நீங்களும் வாரீங்க. அப்பாவும் இருக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

அப்படித்தான் நான் சகலை வீட்டுப் படியேறினேன்.

அவர்கள் வீட்டில் கொல்லையில் வேப்பமர நிழலில் ஒரு பாய் விரித்திருந்தது. நடுவில் ஒரு அகலத் தாம்பாளம். அதில் கொஞ்சம் குழைவாகச் சோறு, பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியலில் கடலைப்பொடி தூவியது, முள் எடுத்த மத்தி மீன், ஒரு ஓரத்தில் பாதி வாழைப்பழம். என் வீட்டில் செய்யாத எதுவும் அதில் இல்லை. நான் ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். ஏதாவது ரகசிய மசாலா இருந்தால் தேவலை என்று மனசு அடித்துக்கொண்டது. இல்லை.

சகலை தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் மகன் தாம்பாளத்துக்குள் இரண்டு கையையும் விட்டான். என் மகள் அவனைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் உதடு தானாக உள்ளே மடிந்தது.

சகலைக்கு அது தெரிந்துவிட்டது. சொல்லத் தயங்கினார். மீனைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அண்ணே, தப்பா நினைக்கக் கூடாது. கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பி உக்காருங்களேன்."

"எங்கிட்டு?"

"ஆட்டுக் கொட்டகைப் பக்கமா. நீங்க பாத்தா அது வாயை மூடிக்குது."

நாற்பத்தேழு வயது மனிதன், ஒரு மில்லுக்குச் சொந்தக்காரன், சகலை வீட்டுக் கொல்லையில் ஆட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். தாடி வைத்த ஒரு கிடா என்னைப் பார்த்தபடி அசை போட்டது. அது மென்றதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. சகலை பேசியது எல்லாம் அவர் தோப்பைப் பற்றி. அணில் இன்றைக்கு எத்தனை இளநீரைக் கடித்தது, கிணற்றுத் தவளை என்ன சொன்னது என்று. ஒரு தரம்கூட "சாப்பிடு" என்று சொல்லவில்லை. நான் ஒரு மாதமாக அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவளிடம் வேறு எதுவும் பேசியிருக்கவில்லை என்பது அந்தக் கிடாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பிறகு சளக் சளக்கென்று சோற்றில் கை போகிற சத்தம். இரண்டு பிள்ளைகளில் யாருடைய கை என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் மகளின் குரல் கேட்டது. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசினால் வருகிற குரல்.

"சித்தப்பா, மீனு."

அந்த வார்த்தைக்காக நான் கும்பிடாத சாமி இல்லை. அது வந்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அந்தச் சித்தப்பா என்ற இடத்தில் அப்பா என்று இருந்திருக்கக் கூடாதா என்றுதான் வந்தது. நல்லவேளை, முகம் ஆட்டுப் பக்கம் இருந்தது.

நாலு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இதே வித்தையை வீட்டில் செய்துபார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பாய் விரித்தேன். தாம்பாளம் வைத்தேன். சகலை மாதிரியே கையில்லாத பனியனும் கட்டம் போட்ட கைலியுமாக உட்கார்ந்தேன். அணில் கதையை ஆரம்பித்தேன். எனக்குத் தோப்பு இல்லை என்பதால் மில்லுக்கு வருகிற எலியை வைத்துச் சொன்னேன். என் மகள் எலியை ஆர்வமாகக் கேட்டாள். தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கை சோற்றை அள்ளி, என் வாயில் கொண்டுவந்து திணித்தாள். இன்னொரு கை. இன்னொரு கை. மொத்தத்தையும் எனக்கே ஊட்டிவிட்டு, "சித்தப்பா வீட்டுக்கு" என்று செருப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

என் மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு மாசமா அது பாத்தது என்ன? கிண்ணம் வந்தா அப்பா திம்பாரு. அதைத்தான் செய்யுது, பாவம்" என்றாள்.

அதிலிருந்து ஒன்று செய்தேன். சகலை வீட்டுக்குப் போகும்போது என் சாப்பாட்டையும் அங்கேயே சாப்பிட ஆரம்பித்தேன். தனித் தட்டில், என் பங்கு மட்டும். பிள்ளைகள் தட்டில் மிஞ்சியதைக் கோழிக்குப் போட்டார்கள். நெய் மினுங்கும் சோற்றைக் கோழி கொத்துவதைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். மில்லிலிருந்து வாரம் ஒரு படி பருப்பைப் பொறுக்கி, நானே மண்சட்டியில் வறுத்து, தோலை ஊதி, பொடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையால் அவளுக்குள் போகிற ஒரே சாமான் அது. சகலை ஒரு நாள் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னைய விட நல்லா வறுக்குறீங்கண்ணே" என்றார். அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது.

டீச்சர் நடுவில் ஒரு மத்தியானம் வந்தார். புஜத்தைச் சுற்றி ஒரு கலர் நாடாவை வைத்துச் சதை பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். கொல்லையில் மூன்று குடும்பத்துச் செருப்புக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றும் அதற்குள் தாம்பாளத்தில் சேர்ந்திருந்தது. "இன்னும் திரும்பித்தான் உக்காந்திருக்கீங்களா மில்லுக்காரரே?" என்று மட்டும் கேட்டார். இப்போது பாதி திரும்பி உட்காரலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது என்றேன். உண்மைதான். மூன்றாவது வாரத்திலிருந்து பக்கவாட்டில் உட்கார்ந்து, கடைக்கண்ணால் பார்த்தால் அவள் கண்டுகொள்வதில்லை. கழுத்து வலித்தது. அந்த மூலையிலிருந்து பார்த்தால் அவளுடைய ஒரு கன்னம் மட்டும் தெரியும். அது உப்புவதும் அமுங்குவதுமாக இருக்கும். மில்லில் நான் பல தினுசு மிசின் பார்த்திருக்கிறேன், எதையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

எடை போடுகிற நாளுக்கு முந்தின இரண்டு நாள் அவளுக்கு மூக்கு ஒழுகியது. நான் புதுக்கோட்டைக்கு எடுத்துப் போகப் பை கட்டிவிட்டேன். இரண்டு பாவாடை, ஒரு போர்வை, ஒரு தம்ளர். என் மனைவி அதை அவிழ்த்து வைத்தாள். நான் மறுபடி கட்டினேன். அவள் மறுபடி அவிழ்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தம்ளரை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளும் இத்தனை நாள் பயந்துகொண்டுதான் இருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வீட்டில் ஒரு ஆள்தான் பயப்பட முடியும் என்று இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது நான்.

மறுநாள் தராசில் அவளே ஏறி நின்றாள். சகலை அன்று வரவில்லை, தோப்பில் காய் வெட்டு.

"ஒம்பது எண்ணூத்தம்பது" என்றார் டீச்சர். அட்டையில் புள்ளி வைத்து, பழைய புள்ளியோடு கோடு போட்டார். கோடு மேல்நோக்கிப் போனது. "இன்னும் மஞ்சள்தான். ஆனா பச்சை தெரியுது பாருங்க. புதுக்கோட்டை வேண்டாம். இப்புடியே போங்க."

என் மனைவி பிள்ளையை வாரி எடுத்துத் தன் தங்கையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பால்வாடியில் அழுதால் நாளைக்கு டீக்கடைக்குப் போக முடியாது என்று வெளியே வந்து மொபட்டை எடுத்தேன். சகலையிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ரொம்பவும் நன்றி தெரிந்துவிடக் கூடாது, அதே சமயம் கொஞ்சம் இருக்க வேண்டும். "எல்லாம் கடலைப்பொடி செஞ்ச வேலை" என்று ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தேன். பொடி நான் வறுத்தது.

தோப்பில் அவர் காய்க் குவியல் பக்கத்தில் நின்றிருந்தார். மரத்தில் ஆள் ஏறியிருந்தது. வண்டியை நிறுத்துவதற்குள் ஓடி வந்தார்.

"என்னண்ணே? எம்புட்டு?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "அரைக் கிலோவுக்கு மேல ஏறியிருக்கு. ஆஸ்பத்திரி வேண்டாம்னுட்டாங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் இரண்டும் ஆடின. மரத்து மேல் இருந்தவர், "கீழ யாருக்கு என்ன?" என்று கேட்டார். சகலை துண்டுக்குள்ளிருந்தே, "ஒண்ணுமில்ல, எங்க பாப்பாவுக்கு எடை ஏறிருச்சு" என்றார்.

எங்க பாப்பா என்றார்.

நான் பால்வாடியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அடக்கிக்கொண்டு வந்த அழுகை அது. என் பிள்ளைக்காக, எனக்கு முன்னால், என் கண்ணெதிரிலேயே அவர் அழுது முடித்துக்கொண்டிருந்தார். அதிலும் முந்திவிட்டார். இனிமேல் நான் அழுதால் அவரைப் பார்த்துச் செய்த மாதிரி இருக்கும். வண்டி ஹேண்டிலைப் பிடித்தபடி நின்று, அவர் துண்டை எடுக்கட்டும் என்று பொறாமையோடு காத்திருந்தேன்.